மருத்துவரைக் கேளுங்கள்: கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு

கேள்வி: பாம்பன் பக்கம் என் ஊர். வயது 41. மூன்று வாரங்களுக்கு முன் கடற்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும்போது கல்லில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் குடத்தைத் தூக்கினால் பெருவிரலின் அடியில் சுரீரென்கிறது. எண்ணெய் போட்டு நீவினால் சரியாகுமா?

பதில்: நீவ வேண்டாம், சகோதரி. இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போய் இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள்.

'பெருவிரலின் அடியில்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. பெருவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். மணிக்கட்டை ஒட்டி, விறைத்து நிற்கும் நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் சிட்டிகை மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய இடம் அது. மறுகை விரலால் அங்கே அழுத்துங்கள். வலித்தால், அடியில் இருக்கும் படகெலும்பு கீறியிருக்கலாம். முந்திரிப்பருப்பு அளவுதான் இருக்கும். படகு வடிவம் என்பதால் 'ஸ்காஃபாய்டு' என்று பெயர். விழும்போது யோசிக்காமல் கையை நீட்டிவிடுகிறோம். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக அதன்மேல் இறங்குகிறது.

இந்தக் கீறல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் பெரும்பாலும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டு தண்ணீர் காணாத கிளைபோலப் பட்டுப்போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

குணமாகிக் கடலில் இறங்கும்போது, விரலுக்குத் துணி சுற்றிக்கொள்கிற அக்கறையைக் காலுக்கும் காட்டுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பு பாசி படிந்த கல்லில் பிடிக்காது. ஈரச் சாக்கைச் சுமந்தபடி கல்லேறாதீர்கள். உடன் வந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக இருக்கும்போது ஏறுங்கள்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். என் உம்மாவுக்கு 63 வயது. துவைக்கும் கல்லருகே நேற்று வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தக் கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் உடனே கழற்றுங்கள். என் அத்தை தங்கச்சிமடத்தில் இப்படி விழுந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் கை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்துவிட்டது. பத்தரை அழைத்து வெட்டித்தான் எடுத்தோம். அவர் முகம் சுளித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிகிறதென்றால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது மிகுதி. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனை செய்து, தேவையான மருந்தைத் தொடங்கிவிடுங்கள். அடுத்த முறை முறிவது இடுப்பாக இருந்தால் படுக்கைதான். துவைக்கும் கல்லைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பாசியை எடுங்கள்.

கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி தாங்கமுடியாமல் ஏறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டைத் தளர்த்த இரவோடு இரவாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.