இடுப்பை அசைத்தால் மானம் போகுமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 46 வயது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். நர்ஸ் வேலைக்கு வந்து, கணவர், மகளோடு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் இருக்கிறேன். பழைய சந்தை ஊர். 1020-ல் தொடங்கிய பெரிய மடாலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் ஊர் நடுவே பூங்காவுக்குள் நிற்கின்றன. புதனும் சனியும் சந்தை கூடும். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனால் தெரிந்த முகம் நாலைந்தையாவது பார்க்காமல் திரும்ப முடியாது. என் பிரச்சினையும் அங்கேதான்.

போன வருஷம் கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறிய பிறகும் வயிறு என்னுடையது மாதிரியே இல்லை. குளிக்கும்போதுகூடக் குனிந்து பார்க்க மாட்டேன். கூட வேலை செய்யும் பெண் ஒருவர் என்னை பெல்லி டான்ஸ் வகுப்புக்கு அழைத்துப் போனார். நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. டி-ஷர்ட், நீளப் பாவாடை, வெறுங்கால், இடுப்பில் காசு தைத்த துணி. முழங்காலைத் தளர்த்தி, தோள் அசையாமல் இடுப்பால் எட்டுப் போடச் சொல்வார் டீச்சர். எழுபது தாண்டியவர்களும் ஆடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஆடுபவர் சந்தையில் சீஸ் விற்பவர். தர்புகா மேளம் ‘தும் தக், தக் தும் தக்’ என்று ஆரம்பித்துவிட்டால் எனக்கு வேறு நினைப்பே வராது.

இப்போது குடும்பத்தினரையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு ‘ஹஃப்லா’ என்று ஒரு ஆட்ட விருந்து நடத்தப் போகிறார்கள். குழு ஆட்டத்தில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கணவர் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். பதினைந்து வயது மகள், “என் ஃப்ரெண்ட்ஸோட அம்மாவெல்லாம் வருவாங்க, வேணாம்மா” என்று அழுகிறாள். கண்ணாடி முன் நின்றால், “இடுப்பை ஆட்டி நடக்காதடி” என்ற என் அம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்கிறது. ஆடட்டுமா? மகளைக் கஷ்டப்படுத்துகிறேனா? ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

வகுப்பை விட்டுவிடாதீர்கள். மேடை விஷயம் அப்புறம். கர்ப்பப்பை எடுத்த பிறகு சில பெண்கள் அந்த இடத்தையே இல்லாதது போல ஒதுக்கிவிட்டு வாழ்கிறார்கள். நீங்கள் பார்க்கக்கூட மனம் வராத வயிற்றை வாராவாரம் தாளத்துக்கு அசைக்கிறீர்கள். அதன் அருமை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா அன்று சொன்னது உங்களைக் காப்பாற்றத்தான். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கண் மேயும் வயதில் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அது. அந்தக் காரணம் போய்விட்டது, கட்டளை மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. வீட்டில் ஆளில்லாத நேரம் காசுத்துணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கண்ணில் படுவதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: தழும்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, என்ன நிறம். ‘அசிங்கம்’, ‘தொப்பை’ போன்ற வார்த்தைகள் வேண்டாம். உடம்பின் மேல் வரும் வெறுப்புக்கு உளவியல் சிகிச்சையில் நாங்கள் கொடுக்கும் பயிற்சி இது. முதலில் அழுகை வரலாம், வரட்டும். பதற்றம் கொஞ்சம் தணிந்த பிறகு நகருங்கள்.

சந்தையில் என்ன நினைப்பார்கள் என்ற பயத்துக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2000-ல் வெளியான ஆய்வு. மேடைக்கு இது பொருந்தாது, அங்கே பார்க்கத்தானே வருகிறார்கள்? ஆனால் மறுவாரம் சந்தையில் அவரவருக்கு அவரவர் கவலை.

‘குடும்பப் பெண் ஆடலாமா’ என்பது நம் வீடுகளில் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. பெல்லி டான்ஸுக்குப் பேர்போன எகிப்தில் கல்யாண வீட்டில் பெண்கள் சந்தோஷமாக ஆடுவார்கள். அதையே தொழிலாக ஆடுபவரை மட்டும் தாழ்வாகப் பார்ப்பார்கள். அங்கே 1959-ல் மஹ்மூத் ரெடா தொடங்கிய நாட்டுப்புற நடனக் குழுவில் ஃபரீதா ஃபஹ்மி என்ற மத்தியதர வீட்டுப் பெண் முன்னணியில் ஆடினார். பொறியியல் பேராசிரியரான அவருடைய அப்பா உறுதுணையாக நின்றார். 1935-ல் அடையாறில் ருக்மிணி தேவி, இன்று பரதநாட்டியம் என்று நாம் சொல்லும் சதிர் ஆட மேடையேறியபோது நம் ஊரிலும் எதிர்ப்பு இருந்தது. அதைப் பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் பின்னால் ஓரங்கட்டப்பட்டது வேதனையான தனிக்கதை. இன்று நாமே அரங்கேற்றப் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுகிறோம்.

மகளுக்கு வருவோம். அந்த வயதில் அம்மா சத்தமாகச் சிரித்தாலே மானம் போகும். அவளிடம் அனுமதி கேட்காதீர்கள், அதே சமயம் வந்து பார் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். எதை நினைத்துப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். வீடியோ பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும் என்பதாக இருக்கலாம். அப்படியென்றால், படம் எடுக்க வேண்டாம் என்று டீச்சரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

கணவரிடம் “ஆடட்டுமா?” என்று கேட்டால் “உன் இஷ்டம்” என்றுதான் வரும். “ஆபரேஷனுக்கு அப்புறம் அங்கே ஆடும்போதுதான் இது என் வயிறு மாதிரி இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு இது தெரியவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மேடை ஏற ஆசை இருந்தால் ஏறுங்கள், பின்வரிசையில் நின்றுகூட ஆடலாம். யாருக்கோ நிரூபிப்பதற்காக என்றால் இந்த முறை பார்வையாளராக இருங்கள், தப்பில்லை. ஒரு எச்சரிக்கை: ஆடும்போது அடிவயிறு கீழே இறங்குவது போல இருந்தாலோ, சிறுநீர் கசிந்தாலோ சகித்துக்கொண்டு ஆட வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். உடம்பு தேறிவிட்டது, வாராவாரம் ஆடப் போகிறேன் என்று ஆரம்பியுங்கள். என்ன ஆட்டம் என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.