வல்லான் வகுத்த வாய்க்கால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வீட்டில் கடல் சட்டம் என்று பேச்செடுத்தாலே போதும், விசைப்படகுக்குப் போகும் அப்பா வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே, "வல்லான் வகுத்ததே வாய்க்கால், போடா" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. பெரிய நாடுகள் மதிக்காத சட்டத்தை நான் ஏன் படிக்கவேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சொல்வதில் பெரும்பங்கு உண்மை. 1984-ல் நிகரகுவாவின் துறைமுகங்களில் அமெரிக்கா கண்ணிவெடி போட்டது. அதில் சிக்கியவற்றில் மீன்பிடிப் படகுகளும் உண்டு. அப்பாவைப் போலக் காலையில் தொழிலுக்குக் கிளம்பியவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1986-ல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கா செய்தது சட்ட மீறல் என்றது. அமெரிக்கா வழக்கின் நடுவிலேயே எழுந்து போயிருந்தது. தீர்ப்புக்குக் கட்டுப்படச் சொன்ன தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு சபையில் தன் வீட்டோவால் தடுத்தது. நஷ்டஈடு ஒரு டாலர்கூட வரவில்லை. 2016-ல் சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் ஜெயித்த தென்சீனக் கடல் உரிமை வழக்கிலும் சீனா தீர்ப்பே செல்லாது என்றுவிட்டது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். 2021 ஏப்ரலில் லட்சத்தீவு அருகே, நம்முடைய பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் மற்ற வளங்களும் நமக்கே உரிய கடல்), அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அனுமதி கேட்காமல் போனது. சர்வதேசச் சட்டப்படி எங்களுக்கு உரிமை உண்டு என்று அறிக்கையும் விட்டார்கள். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. தான் சேராத பத்திரத்தில் உள்ள உரிமையை நம்மிடம் கேட்டது.

ஆனால் ஒன்றைக் கவனி. எங்களுக்கு பலம் இருக்கிறது, வந்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கடற்படைக்கும் சட்டம் என்ற பேச்சு தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் வக்கீலுக்கு வேலை. உன் பேச்சிலேயே உன்னைப் பிடிக்கிறேன் என்று சின்ன நாடு கேட்க முடியும்.

கேட்டு ஜெயித்த நாடு பக்கத்திலேயே இருக்கிறது. வங்கதேசம் 2009-ல் கடல் எல்லைக்காக நம்மைச் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது. 2014-ல் தகராறிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது. இந்தியா ஏற்றுக்கொண்டது. அந்த வாய்க்காலை வல்லான் வெட்டவில்லை, தம்பி. அதுவும் அப்பா தொழில் செய்யும் அதே வங்கக் கடலில்.

இன்று ராத்திரி அவர் வலையோடு உட்காரும்போது இதைச் சொல். அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.