பரதநாட்டியத்தை விண்ணப்பத்தில் போடலாமா, வேண்டாமா?

வணக்கம். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், 'ஆசியர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா, படிப்புக்கு வெளியே செய்பவற்றின் பட்டியலிலிருந்து பரதநாட்டியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆசியர் என்று தெரிந்தால் இடம் கிடைக்காதோ என்ற இதே பயம் அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோர் பலருக்கும் இருக்கிறது.

கட்டத்தைப் பற்றிய பதில் சின்னது. டிக் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் வைத்து இடம் கொடுக்கக் கூடாது. காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் பொதுப் படிவம்) நிரப்பும் அந்த விவரத்தை, விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் படாமல் கல்லூரிகள் மறைத்துக்கொள்ளவும் முடியும்.

நாட்டியத்துக்கு வருவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மில் பலர் தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு, இங்கேயும் இத்தனை சதவீதம் இன்னாருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள் என நினைக்கிறார்கள். அப்படி ஒதுக்குவது 1978-லேயே முடிந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மை இனத்தவருக்கெனத் தனியாக வைத்திருந்ததை பாக்கி வழக்கில் நீதிமன்றம் தடுத்தது. இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்க மட்டும் அனுமதித்தது. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் இளநிலை விண்ணப்பங்களுக்கு இனத்துக்காக 20 புள்ளி கூட்டிக் கொடுத்ததும் செல்லாது என்றானது. அதனால் 'நம் பிள்ளைக்கு வரவேண்டிய இடம் இன்னாருக்குப் போய்விட்டது' என்று விரல் நீட்டிச் சொல்ல இங்கே வழியே இருந்ததில்லை.

நம் ஆட்களின் மனக்குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்டு வழக்கு விசாரணையில், 'தனிப்பட்ட குணநலன்' மதிப்பெண் ஆசிய மாணவர்களுக்குச் சராசரியாகக் குறைவாக இருந்தது வெளியே வந்தது. அதைப் படித்த எந்தப் பெற்றோருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் எதிர்ப்பக்க வாதமும் லேசானதில்லை. 1996-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், அரசுக் கல்லூரிகள் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையைத் தடைசெய்தார்கள். தடை நடைமுறைக்கு வந்ததும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர் சேர்க்கை சரிந்தது. அதைச் சரிக்கட்ட 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் போதவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்த எரிச்சல். அதே விசாரணையில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், டீனின் தனிப்பட்டியலில் இருந்தவர்கள் (நன்கொடையாளர்களின் பிள்ளைகள் போன்றோர்) என்று கண்டார்கள். இதற்காகக் கோபப்பட்டு எந்த அப்பாவும் என்னைக் கூப்பிட்டதில்லை.

சரி, தீர்ப்புக்குப் பிறகு நமக்கு வழி திறந்துவிட்டதா? 2024-இல் சேர்ந்த வகுப்பைப் பாருங்கள். எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆசிய மாணவர் பங்கு 40-லிருந்து 47 சதவீதமாக ஏறியது. யேலில் 30-லிருந்து 24-ஆக இறங்கியது. பிரின்ஸ்டனிலும் கொஞ்சம் இறங்கியது. சில இடங்களில் இனத்தைக் குறிப்பிடாமல் விட்டவர்களும் கூடியிருப்பதால், இந்த எண்களை வைத்து உங்கள் மகளின் வாய்ப்பைக் கணக்குப் போட முடியாது. அப்படிக் கணக்குப் போட நீங்கள் வைத்திருக்கும் எக்ஸெல் ஷீட்டை மூடிவிடுங்கள்.

இப்போது நாட்டியம். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, வருடக்கணக்கில் ஆடுகிறாள் என்றால் கட்டாயம் போடுங்கள். 'ஆசியச் சாயல் தெரியாமல் விண்ணப்பம் தயாரித்துத் தருகிறோம்' என்று பணம் வாங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் 'நீ யார் என்பதை மறை' என்று வீட்டிலேயே சொன்னால், அவள் எழுதும் கட்டுரையில் அப்புறம் என்ன மிச்சமிருக்கும்? மறைத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பாள்? பிடிக்காத ஒரு விளையாட்டையா?

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அந்த 2023 தீர்ப்பிலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதலாம், அதைக் கல்லூரி படிக்கலாம். ஆனால் அந்த அனுபவத்தில் வெளிப்படும் துணிவுக்கோ திறமைக்கோதான் மதிப்புக் கொடுக்க வேண்டும், இனத்துக்காகக் கொடுக்கக் கூடாது. ஆகவே 'நான் தமிழ்ப் பெண், எங்கள் பண்பாடு தொன்மையானது' என்ற கட்டுரை வேலைக்கு ஆகாது. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்தது, அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடத் தானே முடிவெடுத்தது, இப்படி அவள் செய்த ஏதாவது ஒன்று வேண்டும். இல்லாத கஷ்டத்தை ஜோடித்து எழுதவும் வேண்டாம். படிப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

நீங்கள் போட்டிருக்கும் கல்லூரிப் பட்டியல்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டுமே, கூட எம்ஐடி. இவை நூறு பேரில் ஒரு சிலரை மட்டுமே எடுக்கின்றன, யாருக்கும் நிச்சயம் கிடையாது. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து, கிடைத்தால் அவள் சந்தோஷமாகப் போகக்கூடிய நான்கைந்து இடங்களைப் போடுங்கள். எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை எழுதத்தான் வேண்டும். எம்ஐடி 2022-லேயே தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது, ஹார்வர்டும் 2024-இல் அப்படியே அறிவித்தது. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உங்கள் வருமானத்துக்கு உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் கணிப்பான் இருக்கிறது. அதை இந்த வாரமே போட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் புதிதாகத் திறக்கும். அதற்குள் கட்டுரையின் முதல் வரைவை அவளே எனக்கு அனுப்பட்டும். நீங்கள் திருத்தாமல் அனுப்பினால் எனக்கு வேலை சுலபம்.