நீட்டுக்குப் படிக்கும் மகளை முதலில் தூங்க விடுங்கள்

அன்புள்ள அம்மா,

மகள் இரவு ஒரு மணி வரை படிக்கிறாள், ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறாள், ஆனாலும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவள் படிப்பில் குறைவாக இருப்பது தூக்கம்தான்.

நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குரியது. பாடப்புத்தகத்தை வரி வரியாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் அது கைகொடுக்கும். பகலில் படித்ததை முதலில் பிடித்துவைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி. அது நிலையான நினைவாக மாறும் வேலையில் பெரும்பங்கு ஆழ்ந்த உறக்கத்தில் நடக்கிறது. ஒரு மணி வரை படித்துவிட்டு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கினால், கஷ்டப்பட்டுப் படித்ததில் ஒரு பகுதி மனதில் நிற்காமலே போய்விடும்.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் நான்கு அல்லது ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்கு அவர்களின் கவனம் சரிந்திருந்தது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்குப் பழகிடுச்சு, நாலு மணி நேரம் போதும்" என்று மகள் சொன்னால், அவள் பொய் சொல்லவில்லை. அவளால் அதை உணர முடியவில்லை, அவ்வளவுதான். 'சரியான கூற்று எது', 'தவறான கூற்று எது' என்பதை மாற்றிப் படித்துவிட்டு, தெரிந்த கேள்விக்கே மைனஸ் மார்க் வாங்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். தேர்வு நடப்பதோ மதியம் இரண்டு மணிக்கு மேல். நன்றாகத் தூங்கியவர்களுக்கே சற்றுக் கண் சொருகும் நேரம் அது.

விடியக்காலையில் எழுந்து படித்தால் மனதில் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எட்டரை, ஒன்பதுக்கே படுத்தவர்களுக்கு அது சரி. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குவதால், உறக்கமே இரவு பதினொன்றை ஒட்டித்தான் வரும். அந்தப் பிள்ளையை நான்கு, ஐந்து மணிக்கு எழுப்பினால் விடியும் முன் வரவேண்டிய கனவுத் தூக்கம்தான் அதிகம் பறிபோகும். மனதின் அலைபாய்தலை அடக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறாள், எரிந்து விழுகிறாள் என்றீர்களே, அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூங்கத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலோ, வாழ்க்கையே வெறுத்துப் பேசினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பள்ளியும் டியூஷனும் இருக்கும் வீட்டில் எட்டு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். இரவு பத்தரைக்குப் புத்தகத்தை மூடட்டும், ஆறரைக்கு எழட்டும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். செல்போன் இரவில் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், அப்போதுதான் அவள் கேட்பாள்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். பள்ளியில் நடத்திய அதே பாடத்தை ராத்திரி ஒன்பது வரை திரும்ப நடத்தும் வகுப்பு ஏதாவது இருக்கும். எதை நிறுத்தலாம் என்று அவளையே கேளுங்கள், பெரும்பாலும் பதில் தயாராக வைத்திருப்பாள். மூன்று வாரம் இப்படிப் போகட்டும். அதற்குள் வரும் மாதிரித் தேர்வுத் தாள்களை, குறிப்பாகத் தெரிந்தும் தவறவிட்ட கேள்விகளைக் குறித்து எடுத்து வாருங்கள். டியூஷன் வேண்டுமா என்பதை அப்புறம் அதைப் பார்த்துப் பேசலாம்.