சீட்டுக் காசு 65,000: டேப் வாங்கவா, போன் வாங்கவா?

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் வீட்டிலிருந்து தையல் செய்கிறேன். கணவர் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறார். சீட்டு எடுத்ததில் 65,000 ரூபா கையில் இருக்கிறது. மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். ரியூசன் குறிப்பெல்லாம் போனில்தான் வருகிறது, டேப் வேண்டும் என்கிறாள். என் போன் ஐந்து வருடப் பழசு. சார்ஜ் நிற்காது, அடிக்கடி இறுகி நிற்கிறது. ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில் வருவதால் எனக்கும் புதுப் போன் தேவை. புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் டேப் 48,000, போனும் 48,000 சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 10,000 முற்பணம் கட்டி, மாதம் 4,600 படி 12 மாதம் கட்டினால் இரண்டையும் இன்றைக்கே கொண்டுபோகலாமாம். எடுக்கலாமா? எந்தச் செயலிகள் பிரயோசனமானவை?

பதில்: எடுக்க வேண்டாம், தங்கச்சி. தவணையில் ஒன்றையும் எடுக்க வேண்டாம். டேப் மட்டும் வாங்குங்கள், காசைக் கையில் கொடுத்தே வாங்குங்கள். உங்கள் போனை இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டலாம், எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தவணைக் கணக்கைப் பார்ப்போம்.

இரண்டு பொருளுக்கும் ரொக்க விலை 96,000. உங்களிடம் இருப்பது 65,000. ஆக, இல்லாதது 31,000தான். தவணையில் போனால் முற்பணம் 20,000, மாதம் 9,200 படி 12 மாதத்துக்கு 1,10,400. மொத்தம் 1,30,400. ரொக்க விலையை விட 34,400 கூட. இல்லாத 31,000ஐச் சமாளிக்க 34,400 கட்டுகிறீர்கள். முற்பணம் போக 45,000 கையில் மிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் அந்த 45,000 வீட்டில் சும்மா இருக்க, நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்காரரிடம் வட்டி என்ன என்று கேட்டால், ‘நூற்றுக்கு நான்குகூட இல்லை அக்கா’ என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, கணக்குத்தான் வேறு. ஒரு டேபுக்கு அவர் தரும் கடன் 38,000. நீங்கள் கட்டுவது 55,200. கூடுதல் 17,200. அதைப் பன்னிரண்டால் பிரித்து 38,000க்குப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு 3.8 அளவில் வரும். ஆனால் மாதாமாதம் நீங்கள் முதலையும் குறைத்துக்கொண்டு வருகிறீர்களே? ஏழாம் மாதம் ஏறக்குறைய பாதிக் கடன் போய்விட்டது, கடைசி மாதம் நாலாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். வட்டி மட்டும் முழு 38,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் முதலுக்குக் கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்கு 6 ரூபாவுக்கு மேல் வருகிறது. ஊரில் நூற்றுக்கு ஐந்து வாங்குபவரைப் பற்றி நாம் என்னென்ன சொல்கிறோம்! குளிரூட்டிய கடையில் புன்சிரிப்போடு ஆறு வாங்கினால் மட்டும் அது ‘இலகு தவணை’.

இன்னொன்று, உங்கள் வருமானம் மாதச் சம்பளம் இல்லை. தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை வருடம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், இவற்றுக்கு முன்னால் மெஷின் ஓயாது. ஆவணி, புரட்டாதியில் ஊசிக்கு வேலை இருக்காது. காலபோக நெல்லுக் காசு மாசி, பங்குனியில்தான் வரும். தவணை இதொன்றும் பார்க்காது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் கிழமைத் தவணைக் கதைகளை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் போன். ஐந்து வருடப் போன் இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இடம் இல்லாமல் போவது. தையல்காரரின் போனில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: ஆயிரம் பிளவுஸ் கழுத்து டிசைன், குழுக்களில் வந்த காலை வணக்கம், கல்யாண வீடியோ. வட்ஸ்அப் அமைப்பில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதிக்குப் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். தேவையான டிசைன்களைக் கூகுள் கணக்கில் ஏற்றிவிடலாம், 15 ஜிபி வரை இலவசம். மற்றதை அழியுங்கள். அப்புறம் பற்றரியை மாற்றுங்கள். சில ஆயிரத்தோடு முடியும், ஆனால் உங்கள் மொடலுக்கு உரியதைப் போடும் கடையாகப் பாருங்கள். பற்றரி ஊதி, பின்மூடி எழும்பியிருந்தால் அதை இன்றைக்கே செய்யுங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. இவ்வளவும் செய்தும் போன் இறுகினால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், என் பதிலை மாற்றுகிறேன்.

டேபை ஏன் ஆமோதிக்கிறேன்? கடந்தகால வினாத்தாளை ஆறு அங்குலத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. உங்கள் போனையே இருவரும் பகிர்ந்தால், அவள் கணக்குச் செய்யும் நேரம் பார்த்து ‘அக்கா, சட்டை தைத்தாச்சா?’ என்று மணி அடிக்கும். பத்து அங்குலத் திரை, சிம் போடக்கூடிய வகையாகப் பாருங்கள். இந்த சிம் விஷயத்தில் கவனம். வைஃபை மட்டும் உள்ளது விலை குறைவுதான். ஆனால் அதற்கு உங்கள் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுக்க வேண்டும், நீங்கள் துணி வாங்க முல்லைத்தீவுக்குப் போன நேரம் வகுப்பு நின்றுவிடும். எந்த சிம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அயலில் வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, மகள் படிக்கும் மேசையில் இரவு ஏழு மணிக்கு ஒரு வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். வன்னியில் ரோட்டடியில் நாலு கோடு காட்டும் சிக்னல், வளவுக்குள் வந்ததும் காணாமல் போகும்.

குறைந்தது 4 ஜிபி ராம் (செயலிகள் ஓடும்போது பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு, மெமரி கார்ட் போட இடம். இதில் ஒரு சுத்துமாத்து இருக்கிறது. பெட்டியில் ‘8 ஜிபி’ என்று பெரிதாகவும் ‘4+4’ என்று பொடியாகவும் அச்சடித்திருப்பார்கள். இரண்டாவது 4, சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய ராம், உண்மை ராமின் வேகம் அதற்கு வராது. நானே ஒருமுறை பெரிய எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு ஒன்று வாங்கினேன். இப்போது அது பேரனுக்குக் கார்ட்டூன் காட்டுகிறது, அதையும் யோசித்து யோசித்துத்தான் காட்டுகிறது. பெயரே கேள்விப்படாத டேப் ஒன்று பதினையாயிரத்துக்கு ‘12 ஜிபி, 512 ஜிபி’ என்று வந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கமராவுக்கும் ஒரு சதம் கூடக் கொடுக்காதீர்கள், குறிப்பைப் படமெடுக்க உங்கள் போன் போதும்.

சிம் போடும் டேப் என்றால் அதற்கு ஐஎம்இஐ என்ற 15 இலக்க அடையாள எண் இருக்கும். பெட்டியிலும், அமைப்பில் ‘சாதனம் பற்றி’ என்ற பகுதியிலும் இருப்பது ஒன்றா என்று பாருங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்க முன்னம் அனுப்புங்கள். 2024 தை மாதத்திலிருந்து போன்களுக்கும் 18 வீத வற் வரி வந்ததால், ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பவர்கள் இருக்கிறார்கள். பில் இல்லாவிட்டால் வாரன்டிக்குப் போய் நிற்கையில் கையில் ஒன்றும் இருக்காது.

செயலிகளுக்குக் காசு கட்டத் தேவையில்லை. மகளுக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இருக்கிறது, தமிழிலும் பாடங்கள் உண்டு, இலவசம். பாட வீடியோவை 480 தரத்தில் பார்த்தால் மணிக்கு அரை ஜிபி அளவில் முடியும். சிக்னல் நல்ல நேரத்தில் இறக்கி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. சூம் வகுப்பில் தன் கமராவை நிறுத்தி வைத்தாலே டேட்டா மிச்சம். உங்களுக்கு, கணக்கு வைத்திருக்கும் வங்கியின் செயலி ஒன்று போதும். போனால் ஸ்கேன் செய்து காசு அனுப்பும் லங்கா கியூஆர் அட்டை ஒன்றை வங்கியில் கேட்டு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், ‘சில்லறை இல்லை, பிறகு தாறன்’ என்பது குறையும். வரவு செலவுக்குச் செயலி வேண்டுமா என்றால், ஓடர் எழுதும் கொப்பியே நல்லது, அதற்கு சார்ஜ் தேவையில்லை. கணவரின் வயல் சந்தேகத்துக்கும் செயலி வேண்டாம், விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேட்கலாம்.

ஒரே ஒரு வகையை மட்டும் தொடவே வேண்டாம்: ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று வரும் செயலிகள். போடும்போதே உங்கள் தொடர்பு இலக்கங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். கட்டப் பிந்தினால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கே அழைப்பெடுத்து மானத்தை வாங்குவார்கள். ஏற்கனவே யாராவது மாட்டியிருந்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைத்து, அந்த நிறுவனம் அனுமதி பெற்றதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

டேப் 48,000, உறை, திரைக்கு ஒட்டும் கண்ணாடி, உங்கள் பற்றரி எல்லாம் சேர்த்தாலும் சீட்டுக் காசில் ஏறக்குறைய பத்தாயிரம் மிஞ்ச வேண்டும். அதை மகளின் ஒரு வருட டேட்டாவுக்கென்று தனியாக வையுங்கள். ஐப்பசியில் இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், மின்னல் வாரன்டி கேட்காது.

கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய பாடத்தின் வினாத்தாள் பிடிஎஃப் ஒன்றை மெமரி கார்டில் கொண்டுபோய், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் டேபில் திறந்து பத்துப் பக்கம் தள்ளிப் பாருங்கள். இறுகினால் அடுத்த கடை.