கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2018-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் விளையாடி வருகிறேன். ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவை இதில் உள்ளன. மானிட்டர் சாதாரண 1080பி, 60 ஹெர்ட்ஸ். புதிய விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. கடையில் கேட்டால் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது. விலை குறைவாக இருப்பதால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை மட்டும் வாங்கிப் போடலாமா? (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முழுவதையும் மாற்றத் தேவையில்லை, அந்தக் கார்டையும் வாங்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு பிசிஐஇ தடங்களை (தரவு போய்வரும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும். பிசிஐஇ 4.0 உள்ள புதிய மதர்போர்டில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. உங்கள் பி350 போர்டில் இருப்பதோ பிசிஐஇ 3.0, அங்கே தடம் ஒவ்வொன்றின் வேகமும் பாதியாகிவிடுகிறது. கார்டிலுள்ள 4 ஜிபி நினைவகம் நிரம்பியவுடன் மிச்சத்தை அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் ரேமிலிருந்து எடுத்துவர வேண்டும் என்பதால், நீங்கள் எந்தத் திக்கலைப் போக்க நினைக்கிறீர்களோ அதையே காசு கொடுத்து மறுபடி வாங்கியதாக ஆகும். பழைய கணினி வைத்திருப்பவர்கள்தான் மலிவைப் பார்த்து இந்தக் கார்டின் பக்கம் போகிறார்கள்; அவர்களுக்குத்தான் இது மிகக் குறைவாகப் பயன்படுகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'திக்கித் திக்கி' என்ற சொல். ஒரு விளையாட்டு மெதுவாக ஓடுவது வேறு, திக்கித் திக்கி ஓடுவது வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு காரணம். பின்னதற்கு ரேம், ஹார்ட் டிஸ்க், ப்ராசஸர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். விளையாட்டை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கி ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் சட்டென்று கூடினால் இதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. இறக்கியும் வேகம் அப்படியே நின்றால் ப்ராசஸரோ ரேமோ தடுக்கிறது. அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விளையாடிக்கொண்டிருக்கும்போது ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டுமே நிரம்பியிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. ஹார்ட் டிஸ்க்கின் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து படிக்கத் தொடங்குவதற்கே சுமார் 10 மில்லி விநாடி போய்விடுகிறது. 8 ஜிபி ரேம் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை அந்த டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும்போது எத்தனை விலையுள்ள கார்டும் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால், கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ்ஸின் மேலுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருப்பதைப் பார்த்து நின்றுவிடாமல், கீழே உள்ள சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நண்பர் ஒருவரின் வீட்டில் இதேபோல் கேபினெட்டோடு வந்த ஒன்றை எடுத்துப் பார்த்தபோது அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். ப்ராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். மற்ற வழிகளின் கணக்கைக் கூட்டி 450 என்று எழுதியிருப்பதால் நமக்குப் பயனில்லை. உங்கள் 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு என்பதால் இத்தனை ஆண்டுகள் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கிறது. 132 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 6600-ஐப் போட்டு, ப்ராசஸருக்கு 80 வாட்டும் சேர்த்தால், அதுபோன்ற எஸ்.எம்.பி.எஸ் முதல் நாளே விளிம்பில் நிற்கும். எட்டு ஆண்டுகள் வெயிலும் மின்வெட்டும் பார்த்த ஒன்றை அந்த நிலையில் ஓட்டுவது மற்ற எல்லாப் பாகங்களையும் பணயம் வைப்பதாகும். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான '80 பிளஸ்' சான்றும் குறைந்தது ஐந்து ஆண்டு வாரண்டியும் உள்ள, 12 வோல்ட்டில் மட்டும் 400 வாட்டுக்குக் குறையாமல் தரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை முதலில் வாங்குங்கள். இதனால் விளையாட்டின் வேகம் சிறிதும் அதிகரிக்காது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் உங்கள் பணத்தில் முதலில் செலவாக வேண்டியது இதற்குத்தான்.

அடுத்து ரேம். ஒரே ஸ்டிக் இருப்பதால் உங்கள் ரைசன் இத்தனை காலமும் பாதி அகலமுள்ள பாதையில்தான் நினைவகத்தோடு பேசி வந்திருக்கிறது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் சேர்த்தால் அளவும் இரட்டிப்பாகும், பாதையும் இரட்டிப்பாகும். 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை மிகவும் ஏறிவிட்டதால், பயன்படுத்திய ஸ்டிக்கைத் தேடுவதில் தவறில்லை. ரேம் எளிதில் தேய்ந்துபோகும் பொருள் அன்று. இப்போதுள்ள ஸ்டிக்கின் வேகம் எவ்வளவோ அதே வேகத்தில் வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகி, ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓடவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கும் அடிக்கடி விளையாடும் இரண்டு மூன்று விளையாட்டுகளுக்கும் 500 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்று போதும்; பழைய ஹார்ட் டிஸ்க் மற்றவற்றுக்கு இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் தொகையில், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய பாதியில், வாரண்டி மீதமுள்ள பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600-ஐத் தேடச் சொல்வேன். 8 ஜிபி நினைவகமும் எட்டுத் தடங்களும் உடைய கார்டு இது. உங்கள் 1080பி மானிட்டருக்கு நிறைவாகப் பொருந்தும். ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும், 1050 டிஐ-யில் இல்லாத ரே டிரேசிங் வசதி இதில் இருப்பதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2025-இல் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்ற சில விளையாட்டுகள் அந்த வசதி இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. மேலும், 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

ப்ராசஸரை இப்போது தொட வேண்டாம். மறுபடி பணம் சேரும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பார்க்கும்போதுதான், உங்கள் கணினியைத் தூக்கிப்போடச் சொன்னவர்கள் எதைக் கவனிக்கவில்லை என்பது விளங்கும். 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில் (உங்கள் போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்), 2022-இல் வந்த ரைசன் 5 5600 வரையிலும் அதற்கு மேலும் போட முடியும். பி350 போர்டுகளுக்கும் அதற்குரிய பயாஸ் (போர்டைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) தர 2022-இல் ஏஎம்டி வழி செய்தது. உங்கள் போர்டின் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் போர்டின் மேலேயே படித்து, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்த்து, பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே, யு.பி.எஸ் இணைப்பில் வைத்து பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பயாஸ் பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே கிளம்பாமல் போய்விடக்கூடும்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள் உள்ளன. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தத் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை மேலே தூக்கும்போது பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். ஆகவே அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றிய பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அது நழுவத் தொடங்கிய பிறகே தூக்குங்கள். இந்த மாற்றத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ரைசன் 1600-ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, 5600-ஐ ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

கேள்வி: என்னிடம் ஐ5-7400, பி250 போர்டு, 16 ஜிபி ரேம் உள்ளன. ஒன்பதாம் தலைமுறை ஐ5-க்கும் அதே எல்ஜிஏ 1151 சாக்கெட்தான் என்பதால் வாங்கிப் போடலாம் என்கிறார் நண்பர். சரியா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியன்று. சாக்கெட்டில் அது உட்காரும், ஆனால் கணினி கிளம்பாது. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ப்ராசஸர்களுக்கு இன்டெல் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டைக் கட்டாயமாக்கியது. உங்கள் பி250 அடங்கிய 100, 200 வரிசைப் போர்டுகளில் அவை அதிகாரபூர்வமாக ஓடாது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கி, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் தவித்தவர்கள் பலர். உங்கள் போர்டில் போடக்கூடிய உச்சம் ஐ7-7700 வகைதான். நான்கு கோர்கள் அப்படியே இருக்க, திரெட்கள் (கோர்கள் ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்) மட்டும் எட்டாகும். மலிவாகக் கிடைத்தால் ஓராண்டு ஒப்பேற்றலாம், ஆனால் அதுவும் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ஆகவே இந்தப் போர்டோடு முடிந்துபோகும் எதிலும் பணம் போட வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த கணினிக்கும் கூடவே வரக்கூடிய எஸ்.எம்.பி.எஸ், எஸ்.எஸ்.டி, கார்டு ஆகியவற்றை இப்போது வாங்கிக்கொண்டு, போர்டையும் ப்ராசஸரையும் பின்னர் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய கார்டை சென்னை ரிச்சி தெருவிலோ தனிநபரிடமோ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில்) ஓடிய கார்டு என்றால் தவிர்த்துவிட வேண்டுமா? (செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டியதில்லை, குளிர்ச்சியான இடத்தில் சீராக ஓடிய கார்டு நல்ல நிலையில் இருப்பதும் உண்டு. பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஃபேன். விரலால் மெல்லச் சுற்றிவிட்டு, ஆட்டமோ உரசலோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்டைப் பக்கவாட்டில் பிடித்து, ஹீட் சிங்க்குக்கும் போர்டுக்கும் இடையில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருக்கிறதா, பின்புறத் திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிசுக்கு, உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் வெகுநாள் சூட்டில் இருந்ததைக் காட்டும். தேய்ந்த திருகு ஒருமுறையாவது பிரிக்கப்பட்டதைக் காட்டும். காரணத்தைக் கேளுங்கள், தயங்காமல் சொல்பவரிடம் பேரம் பேசலாம்.

அதன்பின் அவர் முன்னிலையிலேயே கணினியில் போட்டு கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற போலிக் கார்டுகள் உண்டு. அவற்றில் பலவற்றை அது போலி என்றே காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 வாங்குவதாக இருந்தால் அதில் ஷேடர்களின் (கணக்கிடும் சிறு அலகுகளின்) எண்ணிக்கை 2304 என்று இருக்க வேண்டும். 2048 என்றிருந்தால் அது பெயர் மட்டும் 580 ஆக உள்ள குறைந்த வகை, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். கடைசியாக, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையையும் திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லின் நகல் இருந்தால் ஓரிரு ஆயிரம் கூடக் கொடுத்து வாங்குவதும் நியாயமே.

கேள்வி: இப்போதைக்குச் செலவு செய்யவே வழியில்லை. இருக்கும் கணினியிலிருந்தே கொஞ்சம் வேகம் பெற முடியுமா? (வேலூரிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: முடியும். வேலூர் வெயிலில் நான்கைந்து ஆண்டுகள் திறக்காத கணினி என்றால், சூடு தாங்காமல் ப்ராசஸரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. தூசியைத் தட்டி, பேஸ்ட்டைப் புதிதாகத் தடவச் சிறிய குழல் தெர்மல் பேஸ்ட் ஒன்றும் பெயின்ட் பிரஷ் ஒன்றும் போதும். ரேம் இரண்டு ஸ்டிக்காக இருந்தால் சரியான ஸ்லாட்டில் உள்ளனவா, மானிட்டரின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டு தவறுகளையும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். விளையாட்டில் நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்கி, காட்சியைக் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதி இருந்தால் 'குவாலிட்டி' நிலையில் வையுங்கள். அது பழைய கார்டுகளிலும் வேலை செய்யும். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங் போய்விடும்.