உறவில் தொற்றும் நோய்கள்: ஒரு செவிலியரின் பதில்கள்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தின்போது, பெயரை எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதிப் போடும்படி ஒரு பெட்டி வைத்திருந்தோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி அரசு கிளினிக்குகளில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் அவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெள்ளைப்படுதலுக்காகக் கிளினிக் போனேன். ஊசியும் மாத்திரையும் தந்தார்கள், நின்றுவிட்டது. கணவரும் வர வேண்டும் என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். காட்டினால் வீட்டில் சண்டை வரும். எனக்குத்தான் சரியாகிவிட்டதே, அவருக்கு எதற்கு மருந்து, சிஸ்டர்?

பதில்: இதே சீட்டை மசாலா டப்பாவுக்கு அடியில் மறைத்து வைத்த ஒரு பெண், சில மாதங்கள் கழித்து அடிவயிற்று வலியோடு திரும்பி வந்தார். மஞ்சள் கறை படிந்த அந்தச் சீட்டை அவர் என் மேசையில் விரித்து வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நம் அரசு கிளினிக்குகளில் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்தே, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய பல கிருமிகளுக்கும் சேர்த்து அன்றே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். கொனோரியாவுக்கு ஊசி, கிளமிடியாவுக்கு அசித்ரோமைசின், ட்ரைக்கோமோனாஸுக்கு மெட்ரோனிடசோல் என்று மருந்துகள் தனித்தனி. உங்களுக்குக் குணமாகியிருக்கலாம்; ஆனால் இந்தக் கிருமிகள் கணவரின் உடலில் எரிச்சலோ சீழோ இல்லாமல் சத்தமின்றித் தங்கியிருக்கக்கூடும். அடுத்த உறவிலேயே அவை உங்களிடம் திரும்பி வரலாம். அப்படி மீண்டும் மீண்டும் தொற்றும்போது கருக்குழாய்களில் தழும்பு விழுந்து, பிள்ளைப்பேறு தடைபடவும், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகவும் வாய்ப்புண்டு. ஆகவே இருவரும் மருந்து எடுத்து முடித்து ஏழு நாட்கள் ஆகும்வரை உறவு வேண்டாம்.

சண்டையைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைப்படுதல் எல்லாமே உறவால் வருவதில்லை. பூஞ்சையாலும், பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதாலும் வரும். உறவால் வந்ததாகவே இருந்தாலும், அறிகுறி காட்டாமல் வெகுநாள் இருக்கக்கூடிய ஒரு தொற்று எந்த ஆண்டில் யாரிடமிருந்து வந்தது என்பதை மருத்துவராலும் பெரும்பாலும் சொல்ல இயலாது. ஆகவே குற்றம் சாட்டாமல், "எனக்குத் தொற்று இருந்ததாம், இருவரும் மருந்து எடுத்தால்தான் தீருமாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் கை நீட்டுவார் என்ற பயம் இருந்தால், சீட்டைக் காட்டுவதற்கு முன் கிளினிக் சிஸ்டரிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். வேறு வழியை அவர்கள் யோசிப்பார்கள்.

இன்னொன்று: டெட்டாலோ வினிகரோ ஊற்றி உள்ளே கழுவும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது தொற்றைக் குணப்படுத்துவதில்லை. நம்மைக் காக்கும் நுண்ணுயிர்களையே அழிக்கிறது.

கேள்வி: ஆணுறை இரண்டு முறை கிழிந்துவிட்டது. இலவசமாகத் தருவது மட்டமான சரக்கா?

பதில்: இல்லை. அவையும் தர ஆய்வுக்கு உட்பட்டவையே. தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினீர்களா என்று பாருங்கள்; எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். தண்ணீரில் கரையும் வழவழப்புப் பசையைப் பயன்படுத்துங்கள். டர்பன் வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ, மாதக்கணக்கில் பணப்பையிலோ வைத்த உறையை நம்பாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவது கூடுதல் பாதுகாப்பல்ல, உராய்ந்து கிழியும்.

கேள்வி: நேற்றிரவுதான் கிழிந்தது. இப்போது என்ன செய்ய?

பதில்: இதைப் படித்து முடிக்காமல் இப்போதே கிளினிக்குக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 16 வயது. அம்மா இல்லாமல் தனியாகக் கிளினிக்குக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களா ஆன்ட்டி?

பதில்: அனுப்பக் கூடாது, மகளே. 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி, 12 வயதானவர் எச்.ஐ.வி. சோதனைக்குத் தாமே சம்மதம் தரலாம். 12 வயதைக் கடந்தவருக்கு ஆணுறை கொடுக்க மறுக்கவும் கூடாது. நீ சொல்வதை அவர்கள் ரகசியமாகவே வைத்திருக்க வேண்டும். உன்னை யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் அதையும் அங்கே சொல். அதில் உன் தவறு எதுவுமில்லை.

கேள்வி: பள்ளியில் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட ஒப்புதல் கேட்கிறார்கள். இவ்வளவு சின்ன வயதில் தேவையா?

பதில்: சின்ன வயதில் போடுவதுதான் பயன். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அந்த வைரஸ் உடலுக்குள் வந்த பிறகு தடுப்பூசியால் அதை வெளியேற்ற முடியாது. 2014 முதல் நம் அரசுப் பள்ளிகளில் சிறுமிகளுக்கு இதை இலவசமாகப் போடுகிறார்கள். யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அம்மாவாகிய நீங்களும் 30 வயதைக் கடந்திருந்தால் கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே எச்.ஐ.வி. கிட்டில் சோதித்தேன், இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்டு எத்தனை நாள் ஆயிற்று? மூன்று மாதம் ஆகவில்லையென்றால் மறுபடி சோதிக்க வேண்டும். உறவில் தொற்றும் இன்னொரு நோயான சிபிலிஸை அந்தக் கிட் காட்டாது. அதன் முதல் புண் வலிக்காது, தானே ஆறிவிடும், நோயோ உள்ளே வளரும். ரத்தப் பரிசோதனைக்கும் கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மருந்து எடுக்கிறார். எனக்கு இல்லை. எங்களுக்குக் குழந்தை ஆசை. கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: பயத்தை மீறிக் கேட்டதற்கு என் அன்பு, தங்கச்சி. அவர் மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் ஆறு மாதமாவது நீடித்திருந்தால், உறவின் மூலம் உங்களுக்குத் தொற்றாது. மனத்துக்கு இன்னும் உறுதி வேண்டுமானால் நீங்கள் முன்தடுப்பு மாத்திரை எடுக்கலாம்; கிளினிக்கில் கேளுங்கள். கருவுற்றதும் தாமதிக்காமல் பதிவு செய்து, எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ் சோதனையும் எடுங்கள். சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசி உங்களையும் குழந்தையையும் காக்கும். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணவருக்குக் கடைசியாக வைரஸ் அளவு பார்த்த தேதியைக் கேட்டறிந்து, அது பழையதாக இருந்தால் இந்த வாரமே இருவருமாகக் கிளினிக்குக்குப் போங்கள்.